நாகையில் நின்ற சீனக் கோபுரம்

திருவரங்கத்தின் நான்காம் திருச்சுற்றுக்கு ஆலிநாடன் பெயர். ஆலிநாடன் என்பது திருமங்கையாழ்வார். அந்தத் திருப்பணிக்குப் பொன் எங்கிருந்து வந்தது? நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்தில் இருந்த பொன் புத்தரை ஆழ்வார் கவர்ந்து வந்து உருக்கினார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். இதை வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் கடற்கரையில் பெருஞ்செல்வம் கொண்ட பள்ளி ஒன்று இருந்தது என்ற நினைவு அரங்கத்தில் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறது. திருச்சிப் பக்கத்துக்குப் பௌத்தமும் புதிதல்ல. பாலியில் அபிதம்மாவதாரம் எழுதிய புத்ததத்தர் உறையூர்க்காரர் என்றே அறிஞர் பலர் கொள்கின்றனர்.

நாகையில் நமக்குத் தெரிந்த பெரிய விகாரம் சூடாமணி விகாரம். கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் தொடங்க, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்தான். தஞ்சையில் பெரிய கோயில் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிவனடியாரான முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், இந்தப் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றிவந்த தடத்தை எல்லையாக வைத்தார்கள். தந்தையின் சொல்லை இராசேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான். 21 ஏடுகள் கொண்ட அந்தத் தொகுதியைத்தான் லைடன் செப்பேடுகள் என்கிறோம்.

அந்த விகாரத்தின் கட்டடத்தில் இன்று நிற்பது எதுவும் இல்லை. ஆனால் அதே ஊரில் இன்னொரு பௌத்தக் கட்டடம் 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. கடலோடிகள் சீனக் கோபுரம் என்றார்கள். ஊரில் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். இதையே சூடாமணி விகாரம் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. 14ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி வாங் தாயுவான், இங்கே மண்ணாலும் செங்கல்லாலும் ஆன உயர்ந்த கோபுரத்தையும் அதிலிருந்த சீன எழுத்தையும் குறித்துவைத்தார். அந்த எழுத்தின்படி வேலை முடிந்த ஆண்டு 1267. சூடாமணி விகாரத்துக்கும் இதற்கும் இடையே இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. 1267இல் சீனத்தின் தெற்கே சோங் அரசு. இங்கே சோழரின் கடைசி மன்னன் மூன்றாம் இராசேந்திரன். இரண்டு அரசுகளுமே 1279இல் முடிந்துபோயின. கோபுரமோ அதன்பின் ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் நின்றது.

அது எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட். 1846இல் அவர் பார்த்தபோது நாற்சதுரமாய் மூன்று நிலைகள் மிஞ்சியிருந்தன. நிலைகளைப் பிரிக்க வெளியே நீட்டிய செங்கல் வரிகள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாசல். உச்சி திறந்து கிடந்தது. செங்கற்கள் காரையே இல்லாமல் நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தன. உள்ளே மாடித்தளம் பதிந்திருந்த தடம் மட்டும் சுவரில் தெரிந்தது.

சாந்து இல்லாத சுவர் சரியாதா? செங்கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் எளிதில் உடையும். சதுரக் கோபுரத்தின் எடை நேரே கீழே இறங்கும்வரை ஒவ்வொரு செங்கல்லும் மேலுள்ள பாரத்தால் அமுக்கப்பட்டு, உராய்வாலேயே இடத்தைவிட்டு நகராமல் நிற்கும். காற்றின் தள்ளல் அந்த எடையை வெல்லாதவரை சுவருக்கு ஆபத்தில்லை. மரமானால் கதை வேறு. கூரை போனதும் மழை உள்ளே இறங்கும், உத்தரம் உளுக்கும், தளம் விழும். வெளியே செங்கல்லும் உள்ளே மரமுமாகக் கோபுரம் கட்டுவது சோங் காலச் சீனத்தில் பழகிய முறை. எலியட் கண்ட வெறுங்கூடு அந்த முறைக்குப் பொருந்துகிறது.

இனி இதைக் கடலிலிருந்து பார்ப்போம். சோழமண்டலக் கரை தட்டையானது, குன்றே கிடையாது. பூமியின் வளைவால், நீர்மட்டத்திலிருந்து பார்ப்பவனுக்கு 30 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சி சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில்தான் தெரியத் தொடங்கும். பாய்மரத்தின் மேல் ஏறி நின்றால் இன்னும் முன்னதாகவே தெரியும். கலங்கரை விளக்கம் வருமுன் மாலுமிக்கு இதைவிட நல்ல அடையாளம் ஏது?

இதை இடித்தது கடலோ புயலோ அல்ல. கோபுரம் நின்ற நிலம் இயேசு சபையாரிடம் இருந்தது. இடிக்க அனுமதி கேட்டார்கள். 1867இல் அரசு கொடுத்தது. அவர்கள் 1844இல் நாகையில் தொடங்கிய கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. மலைக்கோட்டை அருகே இன்று நாம் பார்க்கும் தூய வளனார் கல்லூரி அதுதான். பல தலைமுறைகளைப் படிக்கவைத்த பெருமை அதற்கு உண்டு. ஆனாலும் பழுதுபார்த்துப் பாதுகாத்திருக்க வேண்டிய ஒன்றை இழந்துவிட்டோம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்நாளில் அரசுக்கே அதன் மதிப்பு புரியவில்லை.

மண்ணுக்குள் இருந்தவை தப்பின. 1856 முதல் 1930கள் வரை அப்பகுதியில் 350க்கு மேற்பட்ட பௌத்தச் செப்புத்திருமேனிகள் கிடைத்தன. பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்குள்ள புத்தர்களின் தலையுச்சியிலிருந்து எழும் ஞானச்சுடரைப் பாருங்கள். நியூயார்க்கில் உள்ள ஒரு நாகைப் புத்தரின் பீடத்தில் தமிழ் எழுத்து இருக்கிறது: இராசேந்திர சோழப் பெரும்பள்ளியைச் சேர்ந்தவர், கம்மாளருக்கு உரியவர், திருவிழாவில் எழுந்தருள்பவர். சோழநாட்டுப் புத்தர் திருவிழாவில் உலா போயிருக்கிறார், அரங்கத்து நம்பெருமாளைப் போலவே.