பாலக்காட்டுக் கணவாயில் காற்று உண்டு; சக்கரப் பலகையில் பாய் விரிக்கத் தரை உண்டா?

கோபாலபுரம்: பொள்ளாச்சியையும் பாலக்காட்டையும் இணைக்கும் சாலையில், தமிழக – கேரள எல்லையில் அமைந்துள்ள சோதனைச் சாவடி ஊர் கோபாலபுரம். சாவடிக்கு இப்புறமும் அப்புறமும் தென்னந்தோப்புகள். இருபுறமும் தமிழ் பேசும் மக்கள். காற்றுக்கும் இங்கு எல்லை கிடையாது. கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் நிறுவிய காற்றாலைகளும், உடுமலை, பல்லடம் பகுதிகளில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளும் ஒரே கணவாய்க் காற்றில்தான் சுழல்கின்றன.

அதே காற்றைக் கொண்டு, சக்கரம் பூட்டிய பலகையின்மேல் நின்றபடி, கையில் பாயைப் பிடித்து ஓடும் விளையாட்டு வெளிநாடுகளில் பல பத்தாண்டுகளாக உள்ளது. ‘லேண்ட் செய்லிங்’ எனப்படும் தரைப் பாய்மரச் சவாரியின் ஒரு வகை இது. இதன் காணொளிகளைக் காணும் இளைஞர்களுக்கு, காற்று மிகுந்த இப்பகுதியில் நாமும் முயன்றால் என்ன என்று தோன்றுவது இயல்பே. முயலலாம். ஆனால் காற்றைப் பார்ப்பதற்கு முன்னர் தரையைப் பார்க்க வேண்டும். விபத்துகளில் பெரும்பாலானவை தரையில்தான் தொடங்குகின்றன.

கணவாயின் இரு காற்றுகள்

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இவற்றுக்கு நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கும் இடமே பாலக்காட்டுக் கணவாய். மலைச்சுவரால் தடுக்கப்படும் காற்று இந்த இடைவெளி வழியே நெருக்கியடித்துப் புகுவதால் வேகம் கூடுகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. ஆடிக்காற்று என நாம் அறிந்தது இதுவே. வேகத்தில் குறைவில்லை என்றாலும், இக்காலத்தில் பாலக்காட்டுப் பக்கம் மழையும் ஈரமும் சேர்ந்தே வரும். சித்தூர் வட்டாரத்தின் கரிசல் மண் நனைந்தால் சக்கரம் நகராது; ஈரத் தார்ச்சாலையில் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும்.

கார்த்திகை முதல் தை வரை காற்றின் திசை மாறுகிறது. கிழக்கிலிருந்து உலர்ந்த காற்று கணவாயைக் கடந்து திருச்சூர் வரை வீசுகிறது. மலையாளத்தில் இதற்கு விருச்சிகக் காற்று என்று பெயர். தரை காய்ந்திருக்கும் இந்தப் பருவமே சக்கரப் பலகைக்கு ஏற்றது. ஆடியில் காற்றாலை சுழல்வதைப் பார்த்து ஆசைப்படுவோர் சில மாதங்கள் பொறுப்பது நல்லது.

காற்றைவிட வேகமாக ஓடுவது எப்படி?

பாயைக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் மட்டும் இந்த ஓட்டம் நிகழ்வதில்லை. காற்று பக்கவாட்டில் வரும்போது, வளைந்த பாய் விமான இறக்கையைப் போலச் செயல்பட்டுப் பலகையை முன்னோக்கி இழுக்கிறது. படகு பக்கவாட்டில் நழுவாமல் அதன் அடிக்கட்டை தடுப்பது போல, இங்கே சக்கரங்கள் தடுக்கின்றன. பலகை ஓடத் தொடங்கியதும் எதிர்க்காற்று உருவாகிறது. இயற்கைக் காற்றும் இந்த எதிர்க்காற்றும் சேர்ந்து, பாயின்மீது படும் காற்று மேலும் வலுக்கிறது. தரையில் உருளும் சக்கரத்துக்கு நீரில் செல்லும் படகைவிடத் தடை மிகக் குறைவு என்பதால், காற்றின் வேகத்தையும் தாண்டி ஓட முடிகிறது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள கெய்ர்ட்னர் என்ற வறண்ட உப்பு ஏரியில் 2022 டிசம்பர் 11 அன்று, நியூசிலாந்து அணியின் ‘ஹொரோனுகு’ என்ற வாகனத்தை கிளென் ஆஷ்பி மணிக்கு 222.43 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தினார். அப்போது காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மட்டுமே. இதற்கு முந்தைய சாதனை, 2009-இல் அமெரிக்காவின் வறண்ட ஏரி ஒன்றில் ரிச்சர்ட் ஜென்கின்ஸ் எட்டிய 202.9 கிலோமீட்டர் ஆகும். நின்று ஓட்டும் பலகை இவ்வளவு வேகத்தை எட்டாது. ஆயினும் புதிதாகப் பழகுபவர், தாம் நினைத்ததைவிட விரைவில் தம்மால் ஓடி இறங்க இயலாத வேகத்துக்குச் சென்றுவிடக்கூடும்.

பலகைச் சவாரியைப் பரவலாக அறியச் செய்தவர் பிரான்ஸ் நாட்டின் அர்னோ தெ ரோனே. 1979-இல் அவர் மொரிட்டேனியாவின் நுவாதிபூவிலிருந்து செனகலின் டாக்கர் நோக்கிச் சகாராவின் விளிம்பு வழியே இத்தகைய பலகையில் நெடும்பயணம் மேற்கொண்டார்.

எந்தப் பலகை? எந்தப் பாய்?

பலகையைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பதே. நீளமான ஸ்கேட்போர்டில் உள்ள 70 முதல் 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான பாலியூரித்தேன் சக்கரங்கள், வழவழப்பான தார் அல்லது கான்கிரீட் தரைக்கு மட்டுமே உரியவை. சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு ஜல்லிக்கல் போதும், சக்கரம் அங்கேயே நின்றுவிடும். மேலே நிற்பவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். மண் தரைக்கும் இறுகிய கடற்கரை மணலுக்கும், காற்றடைத்த 8 அல்லது 9 அங்குல டயர் பூட்டிய ‘மவுண்டன் போர்டு’ வகைப் பலகை பொருத்தமானது. நம் ஊர்ப் பக்கம் அதற்கும் ஒரு பகை உண்டு: சீமைக் கருவேல முள். மாற்று டியூபும் பம்பும் இல்லாமல் புறப்பட்டால் திரும்பும் வழியில் பலகையைச் சுமக்க நேரிடும்.

முன், பின் அச்சுகள் தளர்வாக இருந்தால் சாய்ந்த பக்கம் எளிதில் திரும்பும்; ஆனால் வேகத்தில் பலகை நடுங்கத் தொடங்கும். பழகுபவர்கள் அச்சைச் சற்று இறுக்கியே வைத்துக்கொள்ள வேண்டும். பாதத்தைப் பலகையோடு பிணைக்கும் பட்டைகளைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. தேவைப்படும் நொடியில் குதித்து இறங்கக் கால்கள் விடுபட்டிருக்க வேண்டும்.

பாயின் அளவில் ஆசை கூடாது. காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின்மீதான விசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் 4 சதுர மீட்டர் பாய் தரும் இழுவையை, 40 கிலோமீட்டர் காற்றில் 1 சதுர மீட்டர் பாயே தந்துவிடும். நீரில் பயன்படுத்துவதைவிடச் சிறிய பாயே தரைக்குப் போதுமானது.

காற்றை அளக்கக் கைக்கருவி இல்லாதவர்கள் மரங்களைப் பார்க்கலாம். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்து, சிறு கொடி விரிந்து நின்றால் வேகம் 12 முதல் 19 கிலோமீட்டர், பழகுவதற்கு ஏற்றது. புழுதியும் காகிதமும் எழுந்தால் 20 முதல் 28. இலையடர்ந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கினால் 29-ஐத் தாண்டிவிட்டது. புதியவர்கள் பாயைச் சுருட்டிவிட வேண்டும். குடை பிடிக்க முடியாத காற்று 39-க்கு மேல். அனுபவசாலிகளும் அன்று ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பர்.

நின்று ஓட்ட அஞ்சுவோருக்கு நியூசிலாந்தில் உருவான ‘பிளோகார்ட்’ என்ற மூன்று சக்கர வண்டி உண்டு. இருக்கையில் பெல்ட் அணிந்து அமர்ந்து, கயிற்றால் பாயை இயக்கலாம். கயிற்றை விட்டாலே பாய் தளர்ந்துவிடும்.

பிரேக் இல்லாத வண்டி

பலகைக்குப் பிரேக் கிடையாது. எனவே ஓடக் கற்பதற்கு முன் நிற்கக் கற்க வேண்டும். பாயைப் பிடித்துள்ள இரு கைகளில் பின்கையை விட்டால் பாய் காற்றை இழக்கும். பிறகு பலகையைக் காற்று வரும் திசை நோக்கித் திருப்பினால் வேகம் தணியும். இதை நடை வேகத்தில் பலமுறை பழகிய பின்னரே அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டும்.

நீரில் விழுந்தால் நனைவோம்; தாரில் விழுந்தால் தோல் உரியும், மணிக்கட்டு முறியும். ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கை – முழங்கால் காப்புகள், கையுறை, மூடிய காலணி ஆகிய அனைத்தும் கட்டாயம். தனியாகச் செல்லக் கூடாது. அவசர உதவிக்கு இரு மாநிலங்களிலும் 108 எண்ணை அழைக்கலாம்.

இப்பகுதிக்கே உரிய ஆபத்து மின்கம்பி. பாயைத் தாங்கும் தண்டு சுமார் 4 மீட்டர் உயரம் இருக்கும். அது அலுமினியத்தாலோ கார்பன் இழையாலோ ஆனது. இரண்டும் மின்சாரத்தைக் கடத்தக்கூடியவை. வயல்களின் குறுக்கே தொய்ந்து செல்லும் கம்பிகளுக்கு அருகில் பாயை நிமிர்த்துவதே கூடாது. பட்டத்தால் இழுக்கப்படும் பலகைச் சவாரிக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். அதில் கயிறுகளே 20 மீட்டருக்கு மேல் நீள்கின்றன. கணவாயில் திடீரென எழும் வலுக்காற்று ஆளையே தூக்கிவிடும்.

எங்கே ஓட்டலாம்?

கோபாலபுரம் சாலையில் ஓட்டவே கூடாது. சரக்கு லாரிகள் ஓயாது செல்லும் மாநிலங்களுக்கு இடையிலான தடம் அது. தோப்புகளுக்கு இடையிலும் பயனில்லை: மரங்களின் உயரத்தைப் போல் பத்து மடங்குக்கும் அப்பால் வரை காற்று கலைந்து சுழலும். 15 மீட்டர் தென்னை வரிசைக்குப் பின்னால் குறைந்தது 150 மீட்டர் வரை சீரான காற்று கிடைக்காது. நெல்வயல்களில் வரப்புகள் குறுக்கிடும். குளங்கள் வற்றும் கோடையில் விருச்சிகக் காற்று ஓய்ந்திருக்கும். இடுக்கியின் ராமக்கல்மேட்டில் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்குக் காற்று உண்டு. ஆனால் அது தேனி மாவட்டச் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறை விளிம்பு.

எஞ்சுவது மூடிய தளங்கள். கோவை அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற, போக்குவரத்து இல்லாத ஓடுதளங்கள், பெரிய வளாகங்களின் காலியான வாகன நிறுத்தங்கள் ஆகியவற்றை நிர்வாகத்தின் முன் அனுமதியுடன் மட்டுமே அணுக முடியும். கடற்கரை என்றால், கண்ணூர் மாவட்டம் முழப்பிலங்காட்டில் கார் ஓடும் அளவுக்கு இறுகிய மணல் சுமார் 4 கிலோமீட்டர் நீள்கிறது. அங்கும் வாகனங்களும் குளிப்போரும் நிறைந்திருக்கும் விடுமுறை நாள்களைத் தவிர்த்து, நீர் வடிந்து மணல் இறுகியிருக்கும் காலை வேளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழகத்தில் ராமேஸ்வரம் தீவில் பட்டத்தால் இழுக்கப்படும் நீர்ச்சறுக்குப் பயிற்சி நடைபெற்று வருகிறது. காற்றைக் கையாளும் அடிப்படைகளை அங்கே நீரில் விழுந்து கற்றுக்கொண்டு, பின்னர் தரைக்கு வருவது உடம்புக்குச் சிக்கனமான வழி.