கொழுந்து பறித்தது யார்?

பசறைப் பக்கத் தோட்டமொன்றில், சாதாரணதரம் எழுதப்போகும் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: ‘பிளக்கிங் டீ, எ லீச் பிட் மை மதர்.’ அம்மாவை அட்டை கடித்த சங்கதி. எழுத்துப்பிழை இல்லை, காலமும் சரி. ஆனால் ஆங்கிலம் அறிந்தவர் வாசித்தால், கூடையைச் சுமந்து கொழுந்து பறித்தது அட்டைதான். வாக்கியத்தின் தொடக்கத்தில் இப்படியொரு தொடரை வைத்தால், காற்புள்ளியைத் தாண்டியதும் யார் நிற்கிறாரோ அந்த வேலை அவருடையதாகிவிடும்.

சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அவள் கவனமில்லாமல் எழுதவில்லை. ‘கொழுந்து பறிக்கும்போது அம்மாவை அட்டை கடித்தது’ என்று நல்ல தமிழில் நினைத்திருக்கிறாள். நம்முடைய ‘போது’வுக்கு முன்னே ஒருவர், பின்னே வேறொருவர் இருக்கலாம், பறித்தவரைச் சொல்லாமலும் விடலாம். ‘பிளக்கிங்’ அப்படி இடங்கொடுக்காது. அதற்கு நெருங்கிய உறவு ‘பறித்துக்கொண்டே’. ‘கொழுந்து பறித்துக்கொண்டே அட்டை கடித்தது’ என்று சொல்லிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. பிழை காதுக்கே தெரிந்துவிட்டது. ‘பிளக்கிங் டீ, மை மதர் வாஸ் பிட்டன் பை எ லீச்’ என்று அவர்களே திருத்தினார்கள்.

இவர்கள் தமிழ்ப் பாடத்தில் வினையெச்சம் படித்தவர்கள். ‘செய்து’ என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. கையிலிருக்கும் இந்த விளக்கை ஆங்கில வகுப்பின் வாசலிலேயே அணைத்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரேயொரு பாடவேளை சேர்ந்து நின்றால் போதும்.

ஓரிடத்தில் மட்டும் காது ஏமாற்றும். ‘மழை பெய்து பாதை வழுக்குது’ என்பது நமக்குக் குறையில்லாத பேச்சு. ‘பெய்ய’ என்பதே ‘பெய்து’ எனத் திரிந்து நிற்கிறது என்று இலக்கணம் அதற்கு இடங்கொடுக்கும். ஆங்கிலத்தில் மழையைத் தனியே சொல்லித்தான் ஆகவேண்டும்.

‘எங்கள் ஊர்’ கட்டுரையில் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் வராமல் போகாது. ‘பில்ட் இன் 1921, டூரிஸ்ட்ஸ் லவ் த நைன் ஆர்ச் பிரிட்ஜ்’ என்று எழுதினால், 1921இல் கட்டப்பட்டவர்கள் சுற்றுலாப் பயணிகள். காற்புள்ளிக்குப் பின்னால் பாலம் வந்தாக வேண்டும்.

கட்டுரையில் போவது ஒரு புள்ளி. கடிதத்தில் போவது அதைவிடப் பெரிது. தோட்டத்து ஒபிசுக்கு ஆங்கிலத்தில் கடிதமென்றால் லயத்தில் படிக்கிற பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். அதே சிறுமி அம்மாவுக்காக எழுதியதைக் கொண்டுவந்தாள். சுகமில்லாமல் மலையிலிருந்து இறங்கிய நாளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்திருந்தது. ‘பீயிங் சிக், த ஃபீல்ட் ஒஃபிசர் கேவ் மை மதர் ஹாஃப் நேம்.’

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே காற்புள்ளியில் விரலை வைத்தாள். “சுகமில்லாதது அவருக்கு இல்லயே, சேர்.” அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்: ‘பிகாஸ் மை மதர் வாஸ் சிக்...’