கை முறிந்த பிள்ளைக்கு எத்தனை படம்?



பள்ளி விடுமுறையும் ரம்புத்தான் பழக் காலமும் ஒன்றாக வந்துவிட்டால் தோட்ட ஆஸ்பத்திரியில் எனக்கு ஓய்வு கிடையாது. மரத்திலிருந்து விழுந்த பிள்ளை, சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளை என்று கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வந்ததும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, படம் புடிக்கணுமா?" அதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

புக்கிட் காத்தில் பக்கத்தில் செம்பனை வெட்டும் தோழர் ஒருவரின் எட்டு வயது மகன் விழுந்து மணிக்கட்டு வீங்கியது. நான் அட்டை வைத்துக் கட்டி, டவுனுக்கு அனுப்பினேன். அங்கே ஒரு கிளினிக்கில் இரண்டு படம் எடுத்து, எலும்பு இலேசாக நசுங்கியிருக்கிறது, கட்டுப் போட்டால் ஆறிவிடும் என்றார்கள். பாட்டிக்கு மனம் கேட்கவில்லை. முறிவு வைத்தியரிடம் கூட்டிப் போனார். அவர் படத்தைக் கேட்டார். படமோ கிளினிக்கிலேயே தங்கிவிட்டது! வேறொரு இடத்தில் மறுபடி இரண்டு படம். மூன்று வாரம் கழித்து, "கூடிடுச்சான்னு பாக்கணும் ஐயா" என்று தகப்பனார் வந்தார். நானும் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முன்பு எடுத்த படங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. போன இடத்தில் இன்னும் இரண்டு. ஆக ஆறு படம். முதல் இரண்டே போதும். மற்ற நான்கில் இரண்டுக்கு நானே பொறுப்பு. அன்றிலிருந்து, எப்போது, எங்கே படம் எடுத்தார்கள் என்று கேட்டு எழுதாமல் நான் கடிதம் கொடுப்பதில்லை.

இதனால் அந்தப் பையனுக்கு ஆபத்தா? இல்லை. பயப்பட வேண்டாம். இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் நம் எல்லார் உடம்பிலும் கதிர் படுகிறது. உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்பது கணக்கு. கை, மணிக்கட்டுப் படம் ஒன்றில் படுவது சுமார் 0.001 மில்லிசீவர்ட். அதாவது சில மணி நேரத்தில் இயற்கையில் படுவது அவ்வளவுதான். ஆனால் எல்லாப் படமும் ஒன்றல்ல. முதுகெலும்புப் படத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல். வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் பல ஆண்டு இயற்கைக் கதிருக்குச் சமமான அளவு படும்.

ராண்ட்ஜன் இந்தக் கதிரை 1895-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தபோது இதன் கெடுதல் எவருக்கும் தெரியாது. எடிசனிடம் வேலை செய்த கிளாரன்ஸ் டாலி ஓயாமல் இந்தக் கதிரில் வேலை செய்து, கைகள் புண்ணாகி, 1904-இல் இறந்தார். 1956-இல் ஆக்ஸ்ஃபர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், கர்ப்பிணிகளுக்கு எடுத்த படங்களுக்கும் பிள்ளைகளுக்கு வந்த புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டென்று எடுத்துக் காட்டினார். அதிலிருந்து பாடம் படித்துத்தான், தேவைக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம் என்பது உலகெங்கும் மருத்துவ விதியாயிற்று. நம் நாட்டிலும் 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டப்படி எக்ஸ்ரே கருவிக்கு உரிமம் வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் ஏன்? வளரும் உடம்பு, அணுக்கள் வேகமாகப் பெருகுகின்றன. முன்னே வாழ வேண்டிய ஆண்டுகளும் அதிகம்.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்குமுன் ஊஞ்சலிலிருந்து விழுந்த ஆறு வயதுப் பெண் பிள்ளைக்கு முழங்கை வீங்கிவிட்டது. "கதிர் பட்டா பொம்பளப் புள்ளைக்கு ஆகாது" என்று சொல்லி, எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிவிட்டார்கள். மறுநாள் என்னிடம் வந்தபோது விரல்கள் சில்லிட்டு வெளுத்திருந்தன. கட்டை அவிழ்த்து உடனே மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்ல காலம், கை பிழைத்தது. இன்னும் தாமதித்திருந்தால் விரல்கள் மடங்கி விறைத்துப்போயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஒரு படம் எடுக்காததுதான் ஆபத்து.

ஆகவே இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே படம் வேண்டியவை: கை கால் கோணியிருந்தால், முழங்கை வீங்கியிருந்தால், காலை ஊன்ற முடியாவிட்டால், எலும்பின்மேல் தொட்டாலே பிள்ளை துடித்தால். விரல் வெளுத்தாலும், நீலம் பாய்ந்தாலும், மரத்துப்போனாலும், விரலை நீட்டினால் வலி கூடினாலும் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். எலும்பைச் சரிசெய்து மாவுக்கட்டுப் போட்ட பிள்ளைக்கு ஒரு வாரத்தில் மறுபடி படம் எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். கட்டுக்குள்ளே எலும்பு நகரக்கூடும்.

பெரும்பாலும் மறுபடம் வேண்டாதவை: மணிக்கட்டில் இலேசாக நசுங்கிய எலும்பு. அது நகராது, தானே ஆறும். பிரிட்டனில் 965 பிள்ளைகளை வைத்துச் செய்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், வெறும் துணிக்கட்டுப் போட்டவர்களுக்கும் கெட்டியான கட்டுப் போட்டவர்களுக்கும் வலியில் வேறுபாடு தெரியவில்லை. "நல்லா இருக்கிற கையையும் எடுத்து ஒத்துப் பாப்போம்" என்பதும் வழக்கமாகத் தேவையில்லை.

கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியில் கதிர் இல்லை. ஆஸ்திரேலியாவில் 270 பிள்ளைகளை வைத்துச் செய்து 2023-இல் வெளியான ஆய்வில், கோணாத மணிக்கட்டுக் காயத்துக்கு முதலில் அதைக்கொண்டு பார்த்த பிள்ளைகளின் கையும் நான்கு வாரத்தில் படம் எடுத்தவர்களின் கைக்குச் சமமாகவே வேலை செய்தது. வசதியும் பயிற்சியும் உள்ள இடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை இவ்வளவுதான். முதல் படத்தையோ அதன் நகலையோ கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது என்றால் கைப்பேசியிலாவது பிடித்து வையுங்கள். தேதியையும் இடத்தையும் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் எழுதுங்கள். டாக்டரிடம் கூச்சப்படாமல், "இந்தப் படத்துனால வைத்தியம் மாறுமா ஐயா?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். படம் எடுக்கையில் பிள்ளையை ஆடாமல் பிடித்துக்கொள்ள ஈயக் கவசம் மாட்டிய தகப்பன் நிற்கட்டும். தாய் கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ, உள்ளே போகுமுன் சொல்லிவிட வேண்டும்.

வேண்டிய படத்துக்குப் பயப்படாதீர்கள். வேண்டாத படத்துக்கு அலையாதீர்கள். சந்தேகம் இருந்தால் காலைப் பெரட்டு முடிந்ததும் பழைய படத்தோடு என்னிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.