தில்லியில் பனி பெய்யுமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் வீடுகளில் விருந்தினர் வரத்து ஆரம்பமாகிவிடும். பேரக்குழந்தையைப் பார்க்க, குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்க என்று ஏதாவது ஒரு காரணம். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி மட்டும் அநேகமாக ஒன்றுதான்: "இங்கே பனி பெய்யுமாமே, எப்போது பெய்யும்?"

குழப்பத்தில் பாதி நம் மொழியால் வருவது. நமக்குப் புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, எதிரே வரும் பஸ்ஸை மறைப்பதும் பனி, சிம்லாவில் வெள்ளையாக விழுவதும் பனி. இந்தியில் ஓஸ், கோஹரா, பாலா, பர்ஃப் என்று நான்கு சொற்கள். தமிழிலும் மூடுபனி, உறைபனி எல்லாம் உண்டு. பேச்சில் யார் சொல்கிறோம்? மந்திர் மார்க்கில் நமது தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படிக்கும் பேரன்தான் தாத்தாவுக்கு இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தில்லியில் கோஹரா உண்டு, பர்ஃப் கிடையாது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் கிளம்பி வரும் காற்றுச் சுழற்சிதான் இங்கே மழையையும் இமயமலையில் பனிப்பொழிவையும் தருகிறது. சிம்லா சுமார் 2,200 மீட்டர் உயரம். தில்லி 216 மீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆகவே அங்கே வெண்பனியாக விழுவது இங்கே தண்ணீராக விழுகிறது. மேகம் மூடிய இரவில் பூமியின் சூடு வெளியேறாததால் குளிரும் அவ்வளவு இராது. மேகம் கலைந்து, பனி மூடிய மலைப்பக்கத்திலிருந்து காற்று இறங்கும்போதுதான் உண்மையான குளிர். ஈரம் இருக்கும்போது குளிர் போதவில்லை, குளிர் இருக்கும்போது வானத்தில் மேகம் இல்லை. சப்தர்ஜங்கில் 1935 ஜனவரி 16 அன்று மைனஸ் 0.6 டிகிரி வரை இறங்கியபோதும் கதை இதுதான். 2019 பிப்ரவரி 7 அன்று நொய்டா சாலைகள் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்துப் பலர் பனி என்று மகிழ்ந்தார்கள். அது ஆலங்கட்டி.

பனி இல்லையே தவிர, குளிரை அலட்சியம் செய்ய முடியாது. 2019 டிசம்பர் 30 அன்று பகலிலேயே சப்தர்ஜங்கில் வெப்பநிலை 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. நம் வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை: சிமெண்டுத் தரை, உயரமான கூரை, இடுக்குள்ள ஜன்னல். ஜனவரியில் அறைக்குள்ளே இருப்பதைவிட மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்தால்தான் உடம்பு சூடேறும். சென்னையிலிருந்து ஒரு ஸ்வெட்டரோடு வந்திறங்கும் மாமிக்கு இரண்டாம் நாளே இது புரிந்துவிடுகிறது.

அப்போதுதான் யாராவது அங்கீட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். மூடிய அறையில் கரி எரியும்போது போதிய பிராணவாயு கிடைக்காமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கரி நன்றாகக் கனன்று புகையே இல்லாமல் இருக்கும்போதும் அது வந்துகொண்டுதான் இருக்கும். பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு ஒரு மயக்கம். விழித்திருப்பவருக்குத் தெரியலாம், ரஜாய்க்குள் தூங்குபவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் அலிப்பூர் பக்கம் ஒரே குடும்பத்தில் நால்வர் இப்படித்தான் போனார்கள். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீஸர் வைப்பதும் இதே ஆபத்துதான். மின்சார ஹீட்டரில் இந்த வாயு இல்லை. ஆனால் ரஜாயிலிருந்து தள்ளி வையுங்கள், படுக்குமுன் அணைத்துவிடுங்கள். அறையில் இருக்கும் எல்லோருக்குமே தலைவலி என்றால் தைலம் தேடாதீர்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 112-ஐ அழையுங்கள்.

இன்னொரு தொல்லை விடிகாலை நடை. ஊரில் ஐந்து மணிக்கு நடந்து பழகிய அப்பா இங்கேயும் கிளம்பிவிடுவார், அதுவும் மார்கழி என்றால் குளித்துவிட்டு. காற்றில்லாத தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று சில்லிட்டுக் கீழேயே தங்கிவிடுகிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடிபோல அமர்ந்து, வண்டிப்புகை, குப்பைப்புகை எல்லாவற்றையும் அடியிலேயே பிடித்து வைக்கிறது. மந்திர் மார்க்கிலேயே காற்றின் தரம் அளக்கும் நிலையம் இருக்கிறது. அதன் கணக்கை இப்போது கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். போதாததற்குக் குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தமும் ஏறும். ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்களை வெயில் வரும்வரை வீட்டில் நிறுத்திவையுங்கள். "பிர்லா மந்திருக்குப் பத்து மணிக்குப் போகலாம் அப்பா, பெருமாள் எங்கும் போய்விட மாட்டார்" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். 1939-இல் காந்தியடிகள் திறந்து வைத்த கோயில் என்ற கதையை அதுவரை காப்பியோடு சொல்லிக்கொண்டிருக்கலாம். அங்கே செருப்பை விட்டதும் கல் தரை காலைச் சுண்டும், காலுறை இருக்கட்டும்.

அம்மாவுக்கு இதெல்லாம் பெரிதில்லை, இட்லி மாவு பொங்கவில்லையே என்பதுதான் கவலை. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பத்து டிகிரியில் வேலை செய்யாது. அரைத்த மாவை வெந்நீர்ப் பாத்திரத்தோடு அவனுக்குள் வைத்து மூடி, பதினான்கு மணி நேரமாவது விடவேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். பாட்டிலை மாடி வெயிலில் வைத்தால் போதும், அடுப்பில் வைக்க வேண்டாம்.