சிங்கத்துக்கு டார்ச் அடிக்கப் போனோம்!

உள்ளே விட்டுவிட்டார்கள்! மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் கடைசிச் சுற்றுலாக் கும்பலை விசில் ஊதி வெளியேற்றிய காவலர், கேட்டைப் பாதி சாத்திக்கொண்டு எங்களை மட்டும் உள்ளே வரச் சொன்னார். புகைப்படக்காரர் கையில் தொல்லியல் துறையின் அனுமதிக் கடிதம். இங்கே ட்ரைபாட் நிறுத்தவே அது வேண்டும். என் கையில் கொசுவத்திச் சுருளும் பஜ்ஜிப் பொட்டலமும். சாமான் தூக்க ஆள் குறைகிறது என்று காதில் விழுந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டவன் நான். நீங்களும் என் பின்னாலேயே வந்துவிடுங்கள். கீழே ஒயர் கிடக்கிறது, பார்த்து!

காலண்டர் படத்தில் இந்தக் கோயில் எவ்வளவு தனிமையாக நிற்கிறது! ஃப்ரேமுக்கு ஓரடி வெளியே எட்டிப் பாருங்கள். வாய் திறந்து கிடக்கும் பைகள், பேட்டரிகள், லென்ஸ் துடைக்க ஒரு கட்டுத் துணி, கறுப்புக் குடை, முறுக்கு டப்பா, யாரோ கழற்றிப் போட்ட செருப்பு. கடற்காற்றில் கேமரா ஆடக் கூடாதென்று ட்ரைபாட்டின் நடுவில் ஒரு பையில் மணல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மணமக்கள் பெயர் பாதி அழிந்துபோன தாம்பூலப் பை அது. லட்சக்கணக்கில் விலை போகும் கேமராவை அந்தத் தம்பதிதான் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

விளக்குகளை அணைத்தார்கள். ஒரு நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல இரண்டு விமானங்கள் இருட்டிலிருந்து எழுந்து வந்தன. ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியவை. சுமார் 60 அடி உயரமுள்ள பெரியது கிழக்கே கடலைப் பார்த்திருக்கிறது; சின்னது மேற்கே ஊரைப் பார்க்கிறது. நடுவில், தலைக்கு மேல் விமானமே இல்லாமல், பள்ளிகொண்ட பெருமாள். “ரெண்டு சிவனுக்கு நடுவுல அவர் தூங்குறாரு, மெதுவா பேசுங்கண்ணே” என்றான் உதவியாளத் தம்பி. சொன்ன கையோடு முறுக்கு டப்பாவைக் காலால் தட்டி உருட்டிவிட்டவனும் அவனே.

முதலில் வானம். நட்சத்திரங்கள் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வளையம் போட்டிருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நிலா இல்லாத இரவாகப் பார்த்துத்தான் தேதியும் குறித்திருந்தார்கள். ஆனால் இந்த ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 13 பாகைதான் எழும்புகிறது. அதற்கு நேர் கீழே, வடக்கே, சென்னை தன் விளக்குகளை எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தெற்கே திரும்பினால் கல்பாக்கத்து வெளிச்சம். கிழக்கே கடலில் படகு விளக்குகள். புகைப்படக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நாலு பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றினார். “பல்லவன் காலத்துல எடுத்திருக்கணும்யா.”

அடுத்தது சிங்கம். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். மார்பில் சதுரமாக ஒரு மாடம் குடைந்து, அதற்குள் துர்க்கையை உட்கார வைத்திருக்கிறார்களே, அந்தச் சிங்கம். நண்பகலில் போனால் அம்மனை அடையாளம் காணவே கண்ணை இடுக்க வேண்டும். உப்புக் காற்று அந்த அளவுக்குக் கல்லைத் தின்றிருக்கிறது. நனைத்த காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பிக் காயவிட்டு, அது உறிஞ்சிய உப்போடு உரித்தெடுக்கும் வைத்தியத்தைத் தொல்லியல் துறையினர் இந்தக் கோயிலுக்குச் செய்திருக்கிறார்கள். இருந்தாலும், போன மூக்கு போனதுதான்.

இருட்டில் கதையே வேறு! ஷட்டர் 30 விநாடி திறந்திருக்கும். கறுப்புச் சட்டை போட்ட தம்பி டார்ச்சோடு குனிந்து ஓடி, பக்கவாட்டிலிருந்து கல்லை உரசினாற்போல வெளிச்சத்தை இழுக்கிறான். எழும்பி நிற்கும் ஒவ்வொரு துணுக்கும் நிழல் போட, மழுங்கிப்போன பிடரி மயிர் சுருள் சுருளாகத் திரும்பி வருகிறது. மாடத்துக்குள் ஒரு தோள் தெரிகிறது, பிறகு மடித்த கால். “வந்துட்டாம்மா!” என்று கத்தியேவிட்டேன். கலர் கலராக ஒளி பாய்ச்சிக் கோயிலை ரங்கராட்டினமாக்கும் படங்கள் மேல் எனக்கு என்றைக்குமே கோபம். இந்த ஒற்றை டார்ச் போதுமே!

தம்பி ஓடிக்கொண்டே இருக்கும்வரை படத்தில் விழமாட்டான். மூச்சு வாங்க நின்றால் போச்சு, கல்லின் மேல் புகை மாதிரி இரண்டு கால்கள். “பேய் வந்துருச்சு, மறுபடி ஓடு!” சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது அவனுக்கு. போதாக்குறைக்குக் கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கீற்று, அலை தெறித்து லென்ஸில் படியும் உப்புப் படலம். துடை, பார், ஓடு, மறுபடி துடை. மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளுக்கு முன்னால் ஒரு செவலை நாய் வந்து அதே பாணியில் படுத்துக்கொண்டது. பிஸ்கட் கொடுத்துக் கூப்பிட்டோம், தின்றுவிட்டு அங்கேயே திரும்பிப் போய்ப் படுத்தது. அந்தப் படத்தில் ஒரு நந்திக்கு மட்டும் வால் சுருண்டிருக்கும்.

எல்லாம் முடிந்து கட்டும்போதுதான் காவலர் தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்தார். இவ்வளவு நேரமும் டார்ச்சை ஆட்டி எங்களை விரட்டிக்கொண்டிருந்தவர். “சார், என்னையும் ஒண்ணு எடுங்களேன். சிங்கத்துகூட.”

“அரை நிமிஷம் அசையாம நிக்கணும்ணே.”

“முப்பது வருஷமா நிக்கிறேன் சார், அரை நிமிஷம் நிக்கமாட்டனா?”

நின்றார், கல்லோடு கல்லாக. பாதியில் அந்தச் செவலை நாய் பஜ்ஜிப் பொட்டலத்தில் வாய் வைக்க, “ஏய்!” என்று ஒரே திருப்பு. திரையில் பார்த்தால் ஒரு கழுத்து, இரண்டு முகம். ஒன்று கேமராவைப் பார்க்கிறது, ஒன்று நாயை முறைக்கிறது. அழித்துவிட்டு வேறு எடுக்கலாம் என்றார் புகைப்படக்காரர். காவலர் கேமராவைத் தொட்டே தடுத்துவிட்டார்.

“வேணாம் சார், இதையே அனுப்புங்க. ராத்திரி டூட்டில தூங்கறேன்னு வீட்டுல சொல்றாங்க. ரெண்டு பக்கமும் பார்க்கறேன்னு காட்டறேன்.”