பிளாங்க் டிஸ்க் போட்டும் "டிஸ்க் போடுங்க"ன்னு கேட்குதா உங்க ரைட்டர்?

ஃபைனல் இயர் வந்தாச்சு. புராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்து, பைண்டிங்கும் முடிஞ்சாச்சு. கடைசி அட்டையின் உள்பக்கம் ஒரு சின்ன கவர் ஒட்டிக் கொடுத்திருப்பாங்க, கவனிச்சிருப்பீங்க. ரிப்போர்ட், சோர்ஸ் கோடு, பிபிடி எல்லாம் ஒரு சிடியில் எழுதி அந்தக் கவருக்குள்ள வச்சாதான் டிபார்ட்மெண்டில் வாங்கிக்குவாங்க. பென் டிரைவ் காலத்தில் இது எதுக்குன்னு நாம கேட்கலாம், ஆனா சப்மிஷன் தேதிக்கு முந்தைய நாள் ராத்திரி கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

அந்த ராத்திரிதான் டிவிடி ரைட்டர் தன் வேலையைக் காட்டும். புது பிளாங்க் டிஸ்க்கை உள்ளே தள்ளுவோம். லைட் மின்னும், உள்ளே ஏதோ சுத்தும், அப்புறம் "டிரைவில் டிஸ்க் போடவும்"னு ஒரு மெசேஜ். உடனே ஹாஸ்டலில் ஆளுக்கொரு தீர்ப்பு வரும். ஒருத்தர் டிஸ்க் டூப்ளிகேட்னு சொல்வார், இன்னொருத்தர் டிரைவ் போச்சுன்னு சொல்வார், மூணாவது ஆள் விண்டோஸை ஃபார்மட் பண்ணச் சொல்வார். மூணுமே சரியா இருக்க வாய்ப்பு உண்டு. ஆனா சோதிக்காம இறங்கினா முதல் ரெண்டில் காசு போகும், மூணாவதில் புராஜெக்ட்டே போயிடலாம். அதனால செலவில்லாத சோதனையில் ஆரம்பிச்சு வரிசையா பார்க்கலாம் வாங்க.

பிளாங்க் டிஸ்க் நிஜமாவே பிளாங்க்கா?

இல்லை. நாம ஒண்ணும் எழுதலைன்னாலும் ஃபேக்டரியில் ஏற்கனவே ஒரு விஷயம் எழுதித்தான் அனுப்பியிருப்பாங்க. எழுதக்கூடிய டிஸ்க்கில் நடுவிலிருந்து வெளிப்பக்கமா சுருளா ஒரு பள்ளம் ஓடும். சிடியில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டர். அந்தப் பள்ளம் நேர்கோடா போகாம மிக நுணுக்கமா நெளிஞ்சு நெளிஞ்சு போகும். சிடி-ஆர் டிஸ்க்கிலும் டிவிடி+ஆர் டிஸ்க்கிலும் அந்த நெளிவிலேயே தகவலை ஒளிச்சு வச்சிருப்பாங்க. டிவிடி-ஆர் டிஸ்க்கில் பள்ளங்களுக்கு நடுவில் இருக்கிற மேட்டில் சின்னக் குழிகளா வச்சிருப்பாங்க. இது என்ன வகை டிஸ்க், யார் தயாரிச்சது, எவ்வளவு கொள்ளளவு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

டிஸ்க்கைப் போட்டதும் டிரைவ் செய்கிற வேலை இதுதான். டிஸ்க்கைச் சுத்த விட்டு, லென்ஸை மேலும் கீழும் நகர்த்தி ஃபோகஸ் தேடும். சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், ரெண்டில் எது பொருந்துதுன்னு பார்க்கும். அப்புறம் பள்ளத்தைப் பிடிச்சு, அந்த ஒளிஞ்சிருக்கிற தகவலைப் படிக்கும். அந்தத் தயாரிப்புக் குறியீடு தன் ஃபர்ம்வேரில் இருக்கான்னு தேடி, இந்த டிஸ்க்கில் எவ்வளவு லேசர் சக்தியில், எந்த வேகத்தில் எழுதணும்னு முடிவு பண்ணும். இவ்வளவும் ஒழுங்கா நடந்தாதான் "காலி டிஸ்க் வந்திருக்கு"ன்னு விண்டோஸுக்குத் தகவல் போகும். நடுவில் ஒரு படி சறுக்கினாலும் நமக்கு வர்றது அதே "டிஸ்க் போடவும்"தான்.

"சினிமா டிவிடி நல்லாப் படிக்குதே, பிளாங்க் மட்டும் ஏன் தெரியல?"ன்னு கேட்கிறவங்களுக்கும் பதில் இங்கேயே இருக்கு. கடையில் வாங்குற அச்சடிச்ச டிஸ்க்கில் அலுமினியப் பூச்சும் தெளிவான குழிகளும் இருக்கும், சிக்னல் பலமா கிடைக்கும். பிளாங்க்கில் அந்த மெல்லிய நெளிவு மட்டும்தான். ரீரைட்டபிள் டிஸ்க் இன்னும் மோசம்: அச்சடிச்ச சிடி விழுற ஒளியில் 70 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான் அனுப்பும். லென்ஸில் கொஞ்சம் தூசி இருந்தாலும், லேசர் கொஞ்சம் களைச்சுப் போயிருந்தாலும், முதலில் அடி வாங்குவது பிளாங்க் டிஸ்க்தான்.

முதல் கேள்வி: இந்த டிரைவுக்கு எழுதத் தெரியுமா?

சிரிக்காதீங்க, நிறைய கேஸ் இங்கேயே முடிஞ்சிடும். பழைய கம்ப்யூட்டர்களில் காம்போ டிரைவ்னு ஒண்ணு உண்டு. சிடியைப் படிக்கும், எழுதும். டிவிடியைப் படிக்க மட்டும்தான் செய்யும். எங்க ஹாஸ்டலில் ஒரு ஜூனியர் ஐம்பது டிவிடி இருக்கிற டப்பா வாங்கிட்டு வந்து, ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்து, கடைக்காரரிடம் சண்டைக்கே கிளம்பிட்டார். டிரைவின் முகப்பைப் பார்த்தா சிடி லோகோவுக்குக் கீழேதான் "ரீரைட்டபிள்"னு இருந்தது, டிவிடி லோகோவோட அது இல்லை. டிஸ்க் மேல ஒரு தப்பும் இல்லை. கடைசியில் ஒரு சிடி-ஆர் போட்டு வேலையை முடிச்சார்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிவிடி மற்றும் சிடி-ரோம் டிரைவ்கள் என்ற தலைப்பின் கீழே உங்க டிரைவின் பெயரைப் பாருங்க. மாடல் எண்ணை அப்படியே தேடினா எதையெல்லாம் எழுதும்னு பட்டியல் கிடைக்கும். ரொம்பப் பழைய ரைட்டர்களில் சிலது டிவிடி-ஆர் மட்டும் எழுதும், சிலது டிவிடி+ஆர் மட்டும் எழுதும். 8.5 ஜிபி டபுள் லேயர் டிஸ்க் எல்லா ரைட்டருக்கும் ஒத்துவராது. உங்க ஃபைல்கள் மொத்தம் 700 எம்பிக்குள் இருந்தா, பேசாம சிடி-ஆர் வாங்கிடுங்க.

இரண்டாவது: டிஸ்க் ஒழுங்கா உட்கார்ந்திருக்கா?

லேப்டாப் டிரைவிலும், மெல்லிசான யுஎஸ்பி டிரைவிலும் டிஸ்க்கை டிரேயில் வச்சா மட்டும் போதாது. நடுவில் இருக்கிற குமிழைச் சுற்றி ரெண்டு விரலால் "க்ளிக்"னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும். அழுத்தும்போது டிரேயின் அடியில் இன்னொரு கையைக் கொடுத்துத் தாங்குங்க, இல்லைன்னா டிரே வளைஞ்சிடும்.

வெளியே எடுத்து அடிப்பக்கத்தையும் பாருங்க. கைரேகை, பிசுக்கு இருந்தா மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைங்க, வட்டமா துடைக்காதீங்க. ஜன்னலோரம் மாசக்கணக்கா வெயிலில் கிடந்த டிஸ்க்கை நம்பாதீங்க, எழுதுற சாயம் வெளிச்சத்துலயும் சூட்டிலும் கெட்டுப் போகும்.

மூன்றாவது: நாலு டிஸ்க் டெஸ்ட்

நம்ம லேபில் ஒரு நேரத்தில் ஒரு வேரியபிளைத்தானே மாத்துவோம்? அதையேதான் இங்கேயும் செய்யப் போறோம். அச்சடிச்ச சிடி, அச்சடிச்ச டிவிடி, பிளாங்க் சிடி, பிளாங்க் டிவிடி என்று நாலை நண்பர்களிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொண்ணா போட்டு முடிவைப் பேப்பரில் எழுதுங்க.

• நாலும் தெரியலைன்னா: கேபிள், பவர், மோட்டார், லென்ஸ் பக்கம் பிரச்சினை.
• சிடி ரெண்டும் தெரியுது, டிவிடி ரெண்டும் தெரியல (அல்லது நேர்மாறா): அந்த வகைக்கான லேசர் மட்டும் போயிருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டுக்கும் தனித்தனி லேசர் என்பதால் ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஓடும்.
• அச்சடிச்சது ரெண்டும் தெரியுது, பிளாங்க் ரெண்டும் தெரியல: சாஃப்ட்வேரா இருக்கலாம், லென்ஸ் தூசியா இருக்கலாம். அடுத்த சோதனை உங்களுக்குத்தான்.
• ஒரு பிராண்ட் பிளாங்க் மட்டும் தெரியல: டிஸ்க் மட்டம், அல்லது அந்தக் குறியீடு உங்க டிரைவின் ஃபர்ம்வேருக்குத் தெரியாது. வேற பிராண்ட் ஒண்ணு மட்டும் வாங்கிப் பாருங்க. மொத்த டப்பா வேண்டாம்.

காதையும் பயன்படுத்துங்க. வேகமெடுத்து, குறைஞ்சு, மறுபடி வேகமெடுத்து, அப்புறம் அமைதியாயிட்டா, டிரைவ் பல தடவை முயற்சி பண்ணிட்டுக் கைவிட்டிருக்குன்னு அர்த்தம்.

நான்காவது: தப்பு விண்டோஸ் மேலயா, டிரைவ் மேலயா?

இதைக் கண்டுபிடிக்க எதையும் ஃபார்மட் பண்ண வேண்டாம். ஒரு பென் டிரைவில் உபுண்டு மாதிரி ஏதாவது லினக்ஸை லைவ் யுஎஸ்பியா போட்டு, அதிலிருந்து பூட் பண்ணுங்க. இன்ஸ்டால் பண்ணாம "டிரை" மட்டும் கொடுங்க. உள்ளே போய் பிளாங்க் டிஸ்க்கைப் போடுங்க. அங்கே "பிளாங்க் டிஸ்க்"னு காட்டினா டிரைவ் நல்லாத்தான் இருக்கு, பஞ்சாயத்து விண்டோஸோடதான். அங்கேயும் காட்டலைன்னா ஹார்ட்வேர் பக்கம் போகலாம்.

விண்டோஸிலேயே பார்க்கணும்னா இம்க்பர்ன் என்ற இலவச சாஃப்ட்வேர் உதவும். அதில் எழுதுற பக்கத்தைத் திறந்தா, வலது பக்கம் டிஸ்க்கின் தயாரிப்புக் குறியீடு, காலியா இல்லையா, எந்தெந்த வேகத்தில் எழுதலாம் என்பதெல்லாம் வரும். எக்ஸ்ப்ளோரரை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க. காலி டிஸ்க்கில் ஃபைல் சிஸ்டமே கிடையாது, அதனால ஃபோல்டர் மாதிரி திறந்து பார்க்க அதில் ஒண்ணும் இருக்காது. ஆட்டோபிளே ஜன்னல் வரலைங்கறதும் டிரைவ் கெட்டதுக்கு ஆதாரம் இல்லை.

விண்டோஸ்தான் காரணம்னா

1. டிவைஸ் மேனேஜரில் டிரைவை ரைட் க்ளிக் பண்ணி அன்இன்ஸ்டால் கொடுத்து, ரீஸ்டார்ட் பண்ணுங்க. விண்டோஸ் தானாவே திரும்பக் கண்டுபிடிச்சு டிரைவரைப் போட்டுக்கும்.

2. விர்ச்சுவல் டிரைவ் உருவாக்குற சாஃப்ட்வேர், ரெண்டு மூணு பர்னிங் சாஃப்ட்வேர் எல்லாம் ஒண்ணா இருந்தா, ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை எடுத்துடுங்க. இவை டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் ஃபில்டர் டிரைவர்னு ஒண்ணைச் செருகி வைக்கும். சாஃப்ட்வேரை நீக்கினாலும் சில சமயம் அது மட்டும் உள்ளேயே தங்கிடும்.

3. அப்படித் தங்கினதை ரெஜிஸ்ட்ரியில் நீக்கலாம். ரெஜ்எடிட் திறந்து, லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ் என்ற வழியில் போங்க. அங்கே 4டி36இ965 என்று தொடங்கும் கீயைத் தேடுங்க. வலது பக்கம் "கிளாஸ்" என்பதற்கு நேரா சிடிரோம்னு இருக்கான்னு உறுதி பண்ணுங்க. 967னு முடியறது ஹார்டு டிஸ்க்குக்கு, அதைத் தொடவே கூடாது. சரியான கீயை முதலில் எக்ஸ்போர்ட் பண்ணி பேக்கப் எடுத்துட்டு, "அப்பர் ஃபில்டர்ஸ்", "லோயர் ஃபில்டர்ஸ்" ரெண்டு மட்டும் இருந்தா டெலீட் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. அதுக்கப்புறம் உங்க பர்னிங் சாஃப்ட்வேரைத் திரும்ப இன்ஸ்டால் பண்ண வேண்டி வரலாம்.

4. காலேஜ் லேப் கம்ப்யூட்டர்னா ஒரு விஷயம். சிடி எழுதும் வசதியை அட்மின் பாலிசி மூலமா நிறுத்தி வைக்க முடியும். அங்கே போராடாதீங்க, லேப் அசிஸ்டெண்ட் சார்கிட்ட கேட்டுடுங்க.

ஹார்ட்வேர்தான் காரணம்னா

யுஎஸ்பி டிரைவா இருந்தா முதலில் பவரைச் சந்தேகப்படுங்க. யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்கக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர்தான். டிஸ்க் வேகமெடுக்கும்போது அது பத்தாமப் போகலாம். ஹப் வழியா போடாம நேரா போர்ட்டில் போடுங்க. டெஸ்க்டாப்னா முன்பக்க போர்ட்டை விட்டுட்டு பின்பக்கத்தில் போடுங்க. ரெண்டு முனை இருக்கிற கேபிள் கூட வந்திருந்தா, ரெண்டையும் செருகுங்க. உள்ளே இருக்கிற டிரைவ்னா, கம்ப்யூட்டரை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு, டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழட்டி மாட்டிப் பாருங்க.

அடுத்து லென்ஸ். லேப்டாப் டிரைவில் டிரேயை இழுத்தாலே லென்ஸ் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் அணைஞ்சிருக்கும்போது மட்டும் தொடுங்க. காதுக்குப் போடுற பஞ்சுக் குச்சியில் ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாம, பூப்போல ஒரு தடவை தடவுங்க. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குது, அழுத்தினா அவ்வளவுதான். டெஸ்க்டாப் டிரைவுக்கு சின்ன பிரஷ் வச்ச லென்ஸ் கிளீனர் டிஸ்க் கடையில் கிடைக்கும். டிரைவைப் பிரிச்சு வச்சு ஓட விட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி மட்டும் வேண்டாம். எழுதுற லேசர் கண்ணைப் பதம் பார்த்துடும், சிடி லேசர் அகச்சிவப்பு என்பதால் எரியறது சரியாத் தெரியக்கூடத் தெரியாது.

ஒரு பிராண்ட் மட்டும் தெரியலைங்கற கேஸில் தயாரிப்பாளரின் தளத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கான்னு பாருங்க. உங்க மாடலுக்கே உரியதா இருக்கணும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. இத்தனைக்கும் பிறகும் லைவ் லினக்ஸில் தெரியலைன்னா, லேசர் வயசாயிடுச்சுன்னு ஏத்துக்கிட்டு நண்பரின் ரைட்டரைக் கடன் வாங்குங்க. ரிப்பேர் செலவுக்குப் புது டிரைவே வாங்கிடலாம்.

எழுதின பிறகும் ஒரு வேலை இருக்கு

டிஸ்க் தெரிஞ்ச சந்தோஷத்தில் மேக்ஸிமம் வேகத்தில் எழுதாதீங்க, நடுவாந்திர வேகம் போதும். "வெரிஃபை" டிக் பண்ணுங்க, டிஸ்க்கை க்ளோஸ் பண்ணுங்க. அப்புறம் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, ரிப்போர்ட்டைத் திறந்து கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பாருங்க. களைச்சுப் போன லேசர் எழுதினதை அந்த டிரைவ் மட்டுமே படிக்கிற கேஸும் உண்டு, அது எக்ஸாமினர் முன்னாடி தெரிய வேண்டாம்.

பெயர், ரெஜிஸ்டர் நம்பரை சிடி மார்க்கரால் மட்டும் எழுதுங்க. சிடியில் தகவல் இருக்கிற அடுக்கு அடிப்பக்கத்தில் இல்லை, நாம பெயர் எழுதற மேல்பக்கத்துக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கு. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினா நாலு மாச உழைப்பு மேலயே கீறின மாதிரி ஆயிடும்.

ரெண்டு காப்பி போட்டு ஒண்ணை உங்ககிட்டயே வச்சுக்குங்க. வைவா நல்லபடியா முடிய வாழ்த்துகள்!