கோலமாவு ரோட்டில் ஒரு காட்டெருமை

செருப்பை வெளியிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே வரும்போது இடது பக்கமாக ஒதுங்கி வாருங்கள், வலது பக்கம் தபால் பெட்டிக்கு அடித்த பெயிண்ட் இன்னும் காயவில்லை. மணி காலை எட்டு. குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், லயன் வீடுகள் முடிகிற மேட்டில் ஓர் அறை. அங்கன்வாடி மையம் என்று போர்டு சொல்கிறது, ஊருக்கெல்லாம் அது பால்வாடிதான். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் இந்த அறைக்குள் ஒருமுறையாவது நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தோட்டத்தின் பெயரையும் தன் பெயரையும் எழுதுவதில்லை என்று நான் சொன்ன பிறகுதான் டீச்சர் சரியென்றார். இன்று இங்கே நடக்கப் போவது சமூக அறிவியல். படிக்கப் போகிறவர்களுக்கு வயது மூன்று, நாலு, ஐந்து!

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் சமூக அறிவியலுக்குத் தனிப் புத்தகம் 3-ஆம் வகுப்பில்தான் வருகிறது. ஆனால் அங்கன்வாடிகளுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. குடும்பம், நமக்கு உதவுகிறவர்கள், வண்டி வாகனம் என்று அதிலேயே அந்தப் பாடத்தின் விதை தூவியாகிவிட்டது. விதை முளைக்கிற இடம் எவ்வளவு அலங்கோலமாக இருக்கிறது என்று பாருங்கள்! பாய்மேல் பாட்டில் மூடிகள், சோப்பு டப்பா பஸ், பிஸ்கட் அட்டைப்பெட்டியில் செய்த தபால் பெட்டி. போஸ்ட்மேனுக்கு டீச்சர் வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டை, கைகளை நாலு மடிப்பு மடித்துத் தைத்திருக்கிறார்கள்.

நவம்பர் மழை. எதுவும் காயாது. சார்ட் பேப்பர் ஆணியில் மாட்டியதும் தலை குனிகிறது, சாக்பீஸ் நமத்து மாவாகிவிட்டது. உதவியாளர் அக்கா அடுப்பை மூட்டி, சத்துமாவுக் கொழுக்கட்டைக்கு வைத்த இட்லிப் பானைக்கு மேலே சார்ட்டைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்.

“ரெண்டு பக்கமும் சுட்டாத்தான் டீச்சர் மொறுமொறுன்னு வரும்!”

“கருக்கிடாதீங்கக்கா, அதுல போலீஸ்காரர் இருக்கார்!”

இருவரும் சிரிக்கிற சிரிப்பில் அடுப்பே அணைந்திருக்கும். கடைசியில் போலீஸ்காரரின் தொப்பியில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. டீச்சர் ஒரு கணம் பார்த்தார். நெற்றியில் வியர்வை, முழங்கைவரை சிவப்புப் பெயிண்ட். சார்ட்டைச் சுருட்டி அலமாரிமேல் போட்டார். “இன்னைக்கு இது வேண்டாம். கோலமாவை எடுங்க.”

இனி வருவது எதுவும் புத்தகத்தில் கிடையாது.

ஒன்பதுக்குள் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். மஸ்டருக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, நேரமாகிவிட்டது என்று அம்மாக்கள் பிளாஸ்டிக் தாள் போர்வையோடு வாசலிலேயே பிள்ளையைக் கைமாற்றிவிட்டு ஓடுகிறார்கள். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. அந்த வரிக்கு என்ன பொருள் என்பதை இந்த வாசலில் பத்து நிமிடம் நின்றால் புரிந்துகொள்ளலாம். உள்ளே அடுப்புக்கு மேலே கொடியில் பதினான்கு கம்பளிக் குல்லாய்கள் வரிசையாகத் தொங்கி ஆவி விடுகின்றன. அறை முழுக்க ஈரக் கம்பளி வாசனை, வேகும் சத்துமாவு வாசனை.

டீச்சர் தரையில் கோலமாவால் இரண்டே இரண்டு படம் போடுகிறார். ஒரு கட்டம், அது பால்வாடி. ஒரு வட்டம், அது குழாயடி. “நான் இந்த ஊருக்குப் புதுசு. வழி தெரியல. யாராவது சொல்லுங்கப்பா.”

அவ்வளவுதான், அறை வெடித்தது! “எங்க வீடு அங்க!” “படி இருக்கு டீச்சர், படி போடுங்க!” “நாய் இருக்கும், கடிக்கும்!” ஆளாளுக்கு ஒரு சிட்டிகை கோலமாவு. பெட்டிக்கடையைத் தேயிலை ஃபேக்டரியைவிடப் பெரிதாக வரைந்தார்கள். கடையில் தேன்மிட்டாய் இருக்கிறது, ஃபேக்டரியில் என்ன இருக்கிறது? அந்த வயதுக்கு அதுதான் சரியான அளவுகோல் என்று நான் மனதார நம்புகிறேன். பெரியவர்கள் போட்ட வரைபடம் எதிலும் எந்த நாய் கடிக்கும் என்ற தகவல் கிடையாது.

சிவப்புக் குல்லாய்க்காரி, நாலு வயது, எழுந்து வந்து ரோட்டின் வளைவில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் குவித்தாள். “இங்க காட்டெருமை நிக்கும்.” யாரும் சிரிக்கவில்லை. குன்னூர் தேயிலைக் காடுகளில் காட்டெருமை காலையும் மாலையும் மேய வருவது பிள்ளைகளுக்குப் பழகிய காட்சி. டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “நின்னா என்ன செய்யணும்?” பதினான்கு பேரும் சேர்ந்தே சொன்னார்கள்: “அது போற வரைக்கும் நாம நிக்கணும்!” ரோட்டில் யாருக்கு முதலில் வழிவிடுவது என்ற பாடத்தைப் பட்டணத்துப் பிள்ளைகள் சிக்னல் விளக்கை வைத்துப் படிக்கிறார்கள். இங்கே புளியங்கொட்டை போதும். கரடியும் உண்டா என்று நான் மெதுவாகக் கேட்டேன். உதவியாளர் அக்கா கதவின் புதுத் தாழ்ப்பாளைக் கண்ணால் காட்டினார். எண்ணெய் வாசனை பிடித்து வந்து கதவை உடைக்கிற கரடிகள் நீலகிரியில் அடிக்கடி செய்தியாகும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்து ஒரு பெரும் சண்டை. ரோட்டில் முதலில் வருவது மாரியம்மன் கோயிலா, சர்ச்சா? இரண்டு கட்சி. ஒருவன் அழத் தொடங்கிவிட்டான். டீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. “போய்ப் பாத்துட்டு வந்துடுவோமா சாமி?” என்றார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. முடிச்சுப் போட்ட நீளக் கயிறு ஒன்று வெளியே வந்தது, ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. கடைசியில் குடையோடு அக்கா. படியிறங்கும்போது டீச்சர் என் காதோரம் சொன்னார்: “எனக்கே சந்தேகந்தான்க்கா. தினம் வர்ற வழி, ஆனா யோசிச்சதே இல்ல.”

கோயில்தான் முதலில். அழுதவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிச் சிரிப்புச் சிரித்தான். எதிர்க்கட்சிக்கு அது நினைவிலேயே இல்லை. ஏனென்றால் கொழுந்து மூட்டை ஏற்றிய டிராக்டர் வந்துவிட்டது! டிரைவர் அண்ணன் இறங்கி நின்றார். கேள்வி கேட்கச் சொல்லித் தந்துதான் கூட்டி வந்திருந்தார்கள். இந்த மூட்டை எங்கே போகிறது, யார் பறித்தது. அதற்குள் ஒரு பொடியன் முந்திக்கொண்டான். “உங்களுக்கு யாரு சோறு குடுப்பாங்க?” அவர் கொஞ்சம் திகைத்து, “எங்கம்மா” என்றார். இவ்வளவு பெரிய ஆளுக்கும் அம்மா இருக்கிறார்! திரும்பும் வழி முழுக்க அதே பேச்சு. மூட்டைக் கேள்விக்கு நானே பதில் கேட்டுக்கொண்டேன். ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு கிலோவுக்கும் மேல் பச்சைக் கொழுந்து வேண்டுமாம்.

திரும்பி வந்ததும் ரயில். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து வரிசை கட்டினார்கள். நான் ஆசையாக முன்னால் போய் நின்று “நான்தான் இன்ஜின்!” என்றேன். ஐந்து வயதுக்காரி ஒருத்தி இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள். “அத்தை, இன்ஜின் பின்னாடி நிக்கணும். தள்ளணும்ல?” ஆமாம்! மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்வரை நீராவி இன்ஜின் பின்னால் நின்றுதான் பெட்டிகளைத் தள்ளும். 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்து சேர்ந்த ரயில், 46 கிலோமீட்டர், 16 குகைகள், 2005-ல் யுனெஸ்கோ பட்டியல். இத்தனையும் எனக்கு மனப்பாடம். இன்ஜின் நிற்கும் இடம் அவளுக்குத்தான் தெரிந்தது. நான் கடைசிக்குப் போய்த் தள்ளினேன். பாதி அறை போனதும் வண்டி நின்றது. “மண்ணு சரிஞ்சிருச்சு! இன்னைக்கு ட்ரெயின் கேன்சல்!” எல்லோரும் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டார்கள். மழை மாதத்தில் மலைப் பிள்ளைகள் ஆடும் ரயில் விளையாட்டு இப்படித்தான் முடியும்.

மதியச் சாப்பாடு, முட்டை நாள். தோல் உரிக்கும் அமளியைச் சொல்லி முடியாது, தாண்டிப் போவோம்.

ஏனென்றால் அன்றைய நாளின் சிறந்த கால் மணி நேரம் அதற்குப் பிறகுதான் வந்தது. பேரனைப் பார்க்க ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். இந்த இடத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் “பிள்ளைமடுவம்”. இலங்கைத் தோட்டங்களின் சொல் அது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தரவென்றே 1968-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியவைதான் டான்டீ என்ற அரசு நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்கள். “எங்கம்மா என்னைத் தொட்டில்ல போட்டுட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும். பாட்டும் பாடமும் அப்ப ஏது?” என்றார் பாட்டி.

டீச்சர் விடவில்லை. “பாட்டி எங்கேயிருந்து வந்தாங்க, போடுங்க பாக்கலாம்.” கோலமாவு ஊரில் இடமில்லை. பேரன் யோசித்தான். அடுக்களை வாசலில் அக்காவின் வாளி சிந்திய தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டில் மூடியை வைத்தான். “கடலுக்கு அந்தாண்ட!” உடனே ஒரு படுக வீட்டுப் பிள்ளை தன் ஊரான ஹட்டியை ஜன்னலடியில் வைத்தாள். ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமி அதுவரை வாய் திறக்கவில்லை. அவள் கையில் ஒரு மூடியைக் கொடுத்து, டீச்சர் தனக்குத் தெரிந்த நாலு இந்திச் சொற்களில் இரண்டைச் செலவழித்தார்: “கர் கஹா(ங்)?” அவள் எழுந்தாள். பாயைத் தாண்டினாள், பெஞ்சைத் தாண்டினாள், அரிசி மூட்டைக்குப் பின்னால், இனி சுவர்தான் என்கிற மூலையில் வைத்துவிட்டு வந்தாள். வழியெல்லாம் “ரேல், ரேல்” என்றாள். காலையில் கட்டமும் வட்டமுமாக இருந்த ஊர் இப்போது அறை முழுவதும் விரிந்து கிடந்தது.

1939-ல் அடையாறுக்கு வந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை இன்னொரு மலையான கொடைக்கானலில் தங்கினார். செடி, பூச்சி, மண், மனிதர் என எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் கல்வியை அங்கேதான் அவரும் மகன் மாரியோவும் வளர்த்தெடுத்தார்கள். இந்த டீச்சர் அதைப் படித்தாரா என்று நான் கேட்கவில்லை. சுவரோர மூடியைப் பார்த்தபடி அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாலை. அம்மாக்கள் வந்துவிட்டார்கள். சிவப்புக் குல்லாய்க்காரியின் அம்மா சேற்றுக் காலை உள்ளே வைக்கத் தயங்கினார். “அம்மா, ரோட்டுல நட! வீட்டு மேல மிதிக்காத!” அவர் கோலமாவு ரோட்டில் ஒரு காலுக்கு முன் ஒரு காலாக வைத்து, புளியங்கொட்டை வளைவில் நின்று, மகள் தலையாட்டிய பிறகு நடந்து வந்தார். குனிந்து பார்த்தார். “எல்லாம் இருக்கு. நான் வேலை செய்யுற காடு எங்க கண்ணு?”

அதை யாரும் போடவில்லை. டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா இடுப்புச் சாக்கு மடிப்பிலிருந்து ஒட்டியிருந்த கொழுந்து ஒன்றை, இரண்டு இலையும் ஒரு மொட்டும், எடுத்து ஃபேக்டரிக்குப் பக்கத்தில் வைத்தார். மகள் அதை எடுத்து, வாசற்படிக்கு அருகே, மேட்டில் வைத்தாள். “அங்க இல்லம்மா. இங்க. நீ போறதை நான் தினம் பாக்குறேன்ல?”

துடைப்பத்தோடு வந்த அக்கா, அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, “நாளைக்குக் கூட்டிக்கலாம் டீச்சர்” என்றார்.